சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

கல்யாணராமன் வீட்டில் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அந்தக் கையோடு குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிடுவார். மற்றபடி காபித் தூள் எந்த டப்பாவில், கடுகு எந்த டப்பாவில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு வேலையை, ஒரு காலத்தில் கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை பார்த்த அதே கறாரோடு பார்ப்பார். கைக்கு ரப்பர் உறை, மூக்கைச் சுற்றித் துண்டு, நீளக் காம்பு வைத்த பிரஷ். முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டியபடி கூடத்துக்கு வந்து, "வந்து பாரு விசாலம், கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். விசாலாக்ஷி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்ப்பாள். "பளிச்சுனு இருக்கு" என்பாள். கல்யாணமான புதிதில் அதை மனதாரச் சொன்னாள். பிறகு சாம்பாருக்கு உப்புப் போடுவது போல அதுவும் சனிக்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

வெளியில் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள். "எங்காத்து மாமா பாத்ரூம் அலம்பிடுவார், தெரியுமோ?" என்றால் ஓரகத்தி பெருமூச்சு விடுவாள். அவளுக்கு வாய்த்தவர் அதுவும் செய்யாதவர்.

அபிராமபுரத்தில் மரங்கள் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு தெருவில், எண்பதுகளில் கட்டிய சின்னக் குடியிருப்பு அது. மாடி வீடு இவர்களுடையது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம். கழிப்பறை தனி, அதை ஒட்டிக் குளியலறை ஒன்றே ஒன்று. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. ஒரு வாரம் அப்படியே விட்டால் டைல்ஸ் முழுக்க வெள்ளை பூத்துவிடும்.

கீழ்வீட்டில் அஸ்மத்துன்னிசா இருந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், விதவை. மகன் ரெஹான் காலையில் போனால் ராத்திரிதான் வருவான். ஒருநாள் அவள் மேலே வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "மாமி, தப்பா நினைக்காதீங்க, எங்க பாத்ரூம் சீலிங்கைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள்.

விசாலாக்ஷி கீழே போய்ப் பார்த்தாள். சுண்ணாம்பு உப்பி, நடுவில் பழுப்பாக ஒரு திட்டு பரவியிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் குளிக்கிறது எங்க தண்ணியிலயா, உங்க தண்ணியிலயான்னே தெரியல மாமி" என்று அஸ்மத் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் விசாலாக்ஷிக்குக் கூடுதலாக வெட்கமாகப் போயிற்று.

அதே வாரம்தான் மீனாட்சியிடமிருந்து போன் வந்தது.

மீனாட்சி யார் என்று சொல்ல வேண்டும். விசாலாக்ஷி மேற்கு மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவள். தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமிழ் டீச்சர்தான் மீனாட்சி, திருநெல்வேலிக்காரி. இரண்டு பேருமாக மதியச் சாப்பாட்டை மாற்றிச் சாப்பிட்டார்கள். தலைமையாசிரியை நடப்பது போல நடந்து காட்டிச் சிரித்தார்கள். பிறகு விசாலாக்ஷியின் மாமனார் படுக்கையில் விழுந்தார். ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், திரும்பப் போகவேயில்லை. மாமனாருக்குப் பிறகு மாமியார், மாமியாருக்குப் பிறகு மகன் ஸ்ரீநாத்தின் பிளஸ் டூ, அப்புறம் அவன் கல்யாணம், அவன் புனேவுக்குப் போன பிறகு கல்யாணராமனின் இருதயத்தில் வைத்த ஸ்டென்ட். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே.

மீனாட்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போனதிலிருந்து வருஷா வருஷம் கூப்பிடுவாள். வருஷா வருஷம் ஏதோ ஒன்று குறுக்கே வரும். ஆனால் விசாலாக்ஷிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது மீனாட்சிக்குக் குறுக்கே எதுவும் வரவில்லை. கல்யாணராமன் தணிக்கை வேலையாக விசாகப்பட்டினத்தில் இருந்தார். அப்போது வேலையில் இருந்த மீனாட்சி லீவு போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, மலச்சட்டி எடுத்து, கஞ்சி ஊட்டி, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

"ஏட்டி விசா, ஆஸ்பத்திரில தேதி குடுத்துட்டாங்க" என்றாள் மீனாட்சி போனில். "ரெண்டு முட்டியையும் ஒண்ணா மாத்திருவோம்ங்காங்க. தங்கச்சி மகன் கையெழுத்துப் போடுவான், சரி. கூட இருக்க ஆள் வேணும்லா. நீ வருவியா மாட்டியா, அதை மட்டும் சொல்லு."

"வரேன்."

"உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுட்டி."

"வரேன்னு சொன்னேனே."

போனை வைத்த பிறகுதான் இதை வீட்டில் சொல்ல வேண்டுமே என்று உறைத்தது. சாயங்காலம் கல்யாணராமனிடம் சொன்னாள். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர், அவள் காய்கறி வாங்கக் கிளம்பினாலே போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்பவர். ஒரு மாதம் என்றதும் என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் பேப்பரிலிருந்து நிமிராமல், "போயிட்டு வாயேன். யார் வேண்டாம்னா? சமையலுக்கு ஒரு மாமியைச் சொல்லிக்கலாம்" என்றார். பக்கத்தைப் புரட்டினார். "ஆனா கீழாத்துல ஒழுகறதே, அதை முடிச்சுட்டுப் போ. நீ பாட்டுக்குப் போயிட்டா அந்த அம்மா என்னைன்னா வந்து கேப்பா?"

இதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

இரண்டு பேரிடம் விசாரித்து, பிரபு என்கிற ஆளைப் பிடித்தாள். டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதே அவன் வேலை. வயது முப்பதுக்கு மேல் இருக்கும். பெரும்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்தான். குளியலறையில் குந்தி, இடுக்கில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தான்.

"டைல்ஸ் நல்லா கீது மேடம். ஜாயிண்ட்டுதான் காலி. தண்ணி அதுல எறங்கிக்கினு கீழ போவுது. ஒடைக்கவே வாணாம். சொரண்டி எடுத்துட்டுப் புச்சா பேஸ்ட் அடிச்சா போதும்."

"ஒழுகாதே?"

"ஒழுகுனா என்னைக் கூப்டு, நானே வந்து கீழ் வூட்டுல கொடை புடிக்கிறேன்."

நாள் முழுக்கச் சுரண்டினான். வீடெங்கும் வெள்ளைத் தூசி. சாயங்காலம் இடுக்கெல்லாம் கோலம் போட்டது போலப் புதுக் கோடுகள். விசாலாக்ஷி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, பிரபு கையைத் துடைத்தபடி கல்யாணராமனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர், "சரி, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்கள். விசாலாக்ஷி திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தாள். சனிக்கிழமை வந்தது. எண்ணெய்க் குளியல் ஆயிற்று. "வந்து பாரு விசாலம்" ஆயிற்று. புதுக் கோடுகளோடு குளியலறை அன்றைக்கு நிஜமாகவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

அடுத்த வாரம் நடுவில் அஸ்மத் போன் செய்தாள். மேலே வரவில்லை, போன் செய்தாள். "மாமி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. திரும்பவும் சொட்டுது."

பிரபு வந்தான். இடுக்கில் திருப்புளி நுனியை வைத்ததும் பூச்சு மாவாக உதிர்ந்தது. அவன் அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னா மேடம் இது? பத்து வருசமா அடிக்கிறேன். இப்பிடி நான் பாத்ததே இல்ல." அவன் முகம் சுருங்கிவிட்டது. "பாக்கெட்டே டூப்ளிகேட்டா கீதோ இன்னாவோ. வேற கடையில வாங்கியாறேன்."

வாங்கி வந்து மறுபடி பூசினான். கூலி வேண்டாம் என்றான். அவன் போன பிறகு கல்யாணராமன் சொன்னார்: "இவனை நம்பிண்டு நீ டிக்கெட் வேற எடுத்து வெச்சிருக்க. எனக்கென்னமோ மொத்தமா உடைச்சுட்டுப் புது டைல்ஸ் போட்டாத்தான் சரிப்படும்னு தோண்றது. ரெண்டு மாசம் ஆனா ஆகட்டுமே. மீனாட்சிக்கு அவாளோட சொந்தக்காரா இல்லாமலா போயிடுவா?"

அன்று ராத்திரி விசாலாக்ஷி சப்பாத்திக்கு மாவு பிசையும்போது தண்ணீர் அதிகமாகிவிட்டது. மாவு சேர்த்தாள், கெட்டியாகிவிட்டது. தண்ணீர் சேர்த்தாள். கடைசியில் மறுநாளுக்கும் சேர்த்து மாவு இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் போயிற்று. கீழே மீண்டும் சொட்டியது. இந்தத் தடவை அஸ்மத் சொல்லவில்லை. படியில் பார்த்து விசாலாக்ஷிதான் கேட்டாள். அஸ்மத் தயங்கி, "பக்கெட் வெச்சிருக்கேன் மாமி, பரவாயில்ல. நீங்க நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றாள். அந்தப் பக்கெட்டை நினைத்தால் எப்படி நிம்மதியாகப் போவது?

பிரபு போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்த பிறகு எடுத்தான்.

"எம்மா, மூணாவது வாட்டி அதே வூட்டுக்கு வந்தேன்னு தெரிஞ்சா எங்க ஆளுங்க சிரிப்பானுங்க. வேற யாரையாவது பாத்துக்கோ மேடம்."

"இது சரியாகலேன்னா நான் ஊருக்குப் போக முடியாதுப்பா."

"எந்த ஊருக்கு?"

"திருநெல்வேலிக்கு. சிநேகிதிக்கு ஆபரேஷன். அவளுக்குக் கூட இருக்க யாரும் இல்ல. சனிக்கிழமை மத்தியானம் ரயில்."

போனில் அவன் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "சரி வுடு. வெள்ளிக்கெழம வர்றேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது கல்யாணராமன் கபாலி கோயிலுக்கு உபன்யாசம் கேட்கப் போயிருந்தார். பிரபு இந்தத் தடவை உடனே சுரண்ட உட்காரவில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். வாளியை நகர்த்தினான். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. எடுத்து முகர்ந்துவிட்டுச் சட்டென்று மூக்கை விலக்கினான். அவனுக்குக் காபி கொண்டுவந்த விசாலாக்ஷி வாசலில் நின்றிருந்தாள்.

"இது இன்னா மேடம்?"

"பாத்ரூம் அலம்பற ஆசிட். எண்ணெய்ப் பிசுக்குப் போகறதுக்கு."

"எப்போ ஊத்துவீங்க?"

"சனிக்கிழமை சனிக்கிழமை சார் ஊத்துவார். இந்த உப்புத் தண்ணிக்கு அது இல்லேன்னா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

பிரபு பாட்டிலைக் கீழே வைத்தான். "மொத நாளே சார் கையில சொன்னேனே. ஆசிட் மட்டும் காட்டாதீங்க, பேஸ்ட்டைத் துன்னுடும்னு. சரி சரின்னாரு. ரெண்டாவது வாட்டி மாவா கொட்டச்சொல்லோ கேட்டேன், ஆசிட் கீசிட் ஊத்துனீங்களா சார்னு. இல்லவே இல்லைன்னாரு. அப்பாலதான் பாக்கெட்டு மேல சந்தேகம் வந்துச்சு. அந்தக் கடைக்காரங்கிட்டப் போய் சண்டை வேற போட்டுட்டு வந்தேன்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்ககிட்ட சொல்லலியா அவுரு?"

"காபி ஆறிடப் போறது, குடி" என்றாள் விசாலாக்ஷி.

சமையலறைக்குப் போய், எரியாத அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தாள். கடந்த சனிக்கிழமை ஞாபகம் வந்தது. கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாரு என்று கூப்பிட்டார். அவளும் போய்ப் பார்த்துப் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னாள். அந்த நிமிஷம் இரண்டு பேர் காலடியிலும் பூச்சு கரைந்துகொண்டிருந்திருக்கும். அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

பிரபு பின்னாலேயே வந்து டம்ளரை மேடையில் வைத்தான். "எபாக்சின்னு ஒண்ணு கீது மேடம். ரெண்டு பசையைக் கலந்து அடிக்கணும். காஞ்சிட்டா கல்லு. ஆசிட்டுக்கும் அசையாது. ஆனா ஒரு முழு நாள் சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டா இதுவும் போச்சு."

"அதையே போட்டுடு."

"நாளைக்கு சனிக்கெழம" என்றான் அவன்.

"தெரியும். போடு."

அவன் மந்தைவெளிக்குப் போய் வாங்கி வந்து பூசி முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம். வீடெல்லாம் ஒரு காட்டமான பிசின் வாடை. அவன் போனதும் விசாலாக்ஷி படுக்கையறைக்குப் போனாள். ரயிலில் பெட்டியைப் பூட்ட வாங்கி வைத்திருந்த பூட்டை எடுத்து வந்து, குளியலறைக் கதவின் கொண்டியில் மாட்டிப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கல்யாணராமன் விபூதியோடு உள்ளே வந்து பூட்டைப் பார்த்தார்.

"என்ன இது, பாத்ரூமுக்குப் பூட்டு?"

"நாளைச் சாயங்காலம் வரைக்கும் தண்ணி படக்கூடாதாம்."

"நாளைக்கு எனக்கு எண்ணெய்."

"ஒரு வாரம் தேச்சுக்கலேன்னா ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா அஸ்மத் ஆத்துல குளிச்சுக்கலாம், சொல்லி வெச்சிருக்கேன்."

"நன்னாருக்கு" என்றார். ரம்ஜானுக்கு அஸ்மத் அனுப்புகிற தட்டில் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறவர் அவர். மின்சாரக் கட்டணத்தைப் போனிலேயே கட்டத் தெரியாமல் அவள் விழித்தால் கீழே இறங்கிப் போய்க் கட்டியும் கொடுப்பார். ஆனால் வாசல்படியோடு சரி.

விசாலாக்ஷி தட்டை வைத்தாள். சாதம் போட்டாள். ரசத்தை விட்டுக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, ஆசிட் ஊத்தப்படாதுன்னு அந்தப் பையன் உங்ககிட்ட சொன்னானா?"

அவர் பிசைந்துகொண்டிருந்தார். "ஏதோ சொன்னான். முப்பது வருஷமா ஊத்திண்டிருக்கேன். நேத்திக்கு வந்தவன் சொல்றான்."

"ரெண்டாவது தரம் கேட்டானாமே. ஊத்தலைன்னு சொன்னேளாமே."

அவர் அப்பளத்தை ஒடித்துச் சாதத்தோடு சேர்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைப் பார்த்தபடியே, குரல் தாழ்ந்து, "ஊத்தலேன்னா வழுக்கறது. எண்ணெய்க் காலோட நான் விழுந்து வெச்சா? நீ தின்னவேலில உக்காந்துண்டிருப்ப" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இந்தப் பாவம் பார்க்கிற குணம்தான் தன்னை இந்த வீட்டில் ஆணியடித்து வைத்திருக்கிறது என்று தோன்றியதும், கோபம் அவள்மேலேயே திரும்பியது. "மோர் விடட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியும்போதே மாற்றுப்புடவையோடு கீழே போய்க் குளித்தாள். இவ்வளவு வருஷம் மேலேயே குடியிருந்தும், அஸ்மத்தின் குளியலறைக்குள் குளிக்க நுழைவது இதுதான் முதல் தடவை. அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பழுப்புத் திட்டு போன மாதம் பார்த்ததைவிட இரண்டு மடங்காகியிருந்தது. அதற்குக் கீழே பக்கெட். இன்றைக்குச் சொட்டவில்லை. அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்தாள்.

மேலே வந்து கதவைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது.

கல்யாணராமன் கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பழைய துண்டு. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய். வழக்கமாக அவள்தான் மிளகு போட்டுக் காய்ச்சிக் கொடுப்பாள். இன்றைக்கு அவர் பாட்டிலிலிருந்து பச்சையாகவே கவிழ்த்துக்கொண்டிருந்தார். காதோரம் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன பண்ணுவே?" என்றார். "எண்ணெய் வெச்சுண்டாச்சு. இனிமே குளிக்காம இருக்க முடியாது. சாவியைக் குடு."

ஒரு நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அறுபத்தெட்டு வயது மனிதர், சின்னப் பையன் மாதிரி. அடுத்த நிமிஷமே சிரிப்பு போய்விட்டது. எண்ணெய் வைத்துக்கொண்டவரைக் குளிக்க விடாமல் வைப்பாளா ஒருத்தி? அதுவும் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தவரை? நாளைக்கு ஸ்ரீநாத் கேட்பான், ஓரகத்தி கேட்பாள். அவருக்கு இது நன்றாகத் தெரியும்.

"கீழே வெந்நீர் போட்டு வெச்சிருக்கா" என்றாள்.

"நான் போக மாட்டேன்."

"அப்ப இங்கயே உக்காந்திருங்கோ."

உட்கார்ந்தே இருந்தார். அவள் சமைத்தாள். வரப்போகிற சமையல் மாமிக்காகப் பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் முன்வரிசையில் எடுத்து வைத்தாள். அவர் சாப்பிட வரவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து கூடத்துக்கு வந்து, முக்காலியைத் தாண்டி, சுவரில் ஏறியது. நடுவில் இரண்டு தடவை தும்மினார்.

இரண்டாவது தும்மலுக்கு விசாலாக்ஷி எழுந்துவிட்டாள். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கடைசியில் இது இப்படித்தான் முடியும், எப்போதும் இப்படித்தானே முடிந்திருக்கிறது என்று நினைத்தபடியே போய்ப் பூட்டைத் திறந்தாள். கூடத்தில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

உள்ளே பிசின் வாடை அப்படியே இருந்தது. சாம்பல் நிறத்தில் கோடுகள், நேராக, ஒன்றோடொன்று கூடி, தரை முழுக்க. குனிந்து ஒன்றை விரலால் தொட்டாள். மேலே இறுகியிருந்தது, உள்ளே இன்னும் மெத்தென்று கொடுத்தது. இன்னொரு சனிக்கிழமை. இதையும் கரைத்துவிட்டால் அஸ்மத் பக்கெட்டோடு இருப்பாள். தான் இங்கேயே இருக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை மீனாட்சியை ஆபரேஷனுக்குச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, பக்கத்தில் நடக்க ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"விசாலம்" என்றார் அவர் பின்னாலிருந்து.

"எனக்கு நேரமாறது."

ஆட்டோவுக்குச் சொன்னாள். பெட்டியைத் தானே இறக்கினாள். அஸ்மத் வாசலுக்கு வந்து ஒரு கை கொடுத்தாள். விசாலாக்ஷி சாவியை அவள் கையில் வைத்தாள்.

"சாயங்காலம் நன்னா இருட்டினப்புறம் குடுங்கோ. அதுக்கு முன்னாடி என்ன சொன்னாலும் குடுக்காதீங்கோ."

"நானா? சார்கிட்டயா?" அஸ்மத் சாவியையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னை இப்படி மாட்டி விட்டுட்டுப் போறீங்களே மாமி."

"உங்க சீலிங்தானே" என்றாள் விசாலாக்ஷி. அஸ்மத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தபோது, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, கல்யாணராமன் இறங்கி வந்தார். மேலே ஒரு சட்டையைப் போட்டிருந்தார். எண்ணெயில் அது முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் துண்டு. ஆட்டோவின் பக்கம் திரும்பாமல் அஸ்மத்தின் வாசலில் போய் நின்றார்.

"வாங்க சார், வெந்நீர் சூடா இருக்கு" என்றாள் அஸ்மத், தினமும் அவர் வந்து குளிக்கிறவர் போல.

அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு எதுவோ நினைவுக்கு வந்தவராகத் திரும்பினார்.

"விசாலம், சீயக்காய் எங்க இருக்கு?"

எடுத்துக் கொடுத்துவிட்டு வர ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் மேலே போனால் தலை துவட்டப் பழைய வேட்டி எடுக்கத் தோன்றும். தும்மினாரே என்று மிளகு ரசத்துக்குக் கை போகும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள்ளேயே கால் ஆட்டோவிலிருந்து இறங்கித் தரையில் நின்றுகொண்டிருந்தது. அதை மறுபடி உள்ளே எடுத்து வைத்தாள்.

"அடுப்பு மேடைக்கு மேல, ரெண்டாவது தட்டு. பச்சை மூடி போட்ட டப்பா."

"எந்தப் பச்சை?"

"ஒரே ஒரு பச்சைதான் இருக்கு."

அவர் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

"வழுக்கிடப் போறது, பிடிச்சுண்டு ஏறுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்தாள்.

"எக்மோர்தானேம்மா? போலாமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"போப்பா."

தெரு திரும்பி லஸ் பக்கம் வருவதற்குள் போன் அடித்தது. எடுத்தாள்.

"கிடைச்சுடுத்து" என்றார் கல்யாணராமன்.

"சரி."

அவர் இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று காதிலேயே வைத்திருந்தாள். டப்பா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதோடு இணைப்பு போய்விட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு, பூட்டில்லாத பெட்டியை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.